ஈஃபுட்பால் 2022 புதிய கன்சோல்களில் பெற்ற விமர்சனம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்பந்து கேம் என்றாலே ‘வின்னிங் லெவன்’ என்று பெயர் சொல்லிப் பழகிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். தெருமுனை கேம் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, பிளேஸ்டேஷன் 2-இன் முன்னால் நண்பனோடு தோள் உரச உட்கார்ந்து ஆடியவர்களுக்கு, கொனாமி நிறுவனத்தின் அந்தத் தொடர் ஒரு விளையாட்டு மட்டுமல்ல, பள்ளிக்கூடக் காலத்தின் ஒரு பகுதியும்கூட. அதன் வாரிசாக 2021 செப்டம்பர் இறுதியில் வந்த ‘ஈஃபுட்பால் 2022’ விமர்சகர்களிடம் வாங்கிக்கொண்ட அடியைப் பற்றி இன்றும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

பிளேஸ்டேஷன் 5 புதிதாக வாங்கியவர்கள், பழைய விமர்சனம் ஒன்றைத் தற்செயலாகப் படித்தவர்கள், தம்பிக்கு எதை இறக்கித் தருவது என்று தெரியாத அக்காக்கள் என்று கேட்பவர்கள் பலவகை. கேள்விகளோ பெரும்பாலும் ஒன்றேதான். ஆகவே அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டு, பதில்களை மட்டும் நிதானமாக எழுதித் தொகுத்திருக்கிறேன்.

“ஈஃபுட்பால்னா என்னங்க? பழைய பி.இ.எஸ். தானே அது?”

ஆம், அதே குடும்பம்தான். ஜப்பானில் ‘வின்னிங் லெவன்’ என்றும் பிற நாடுகளில் ‘புரோ எவல்யூஷன் சாக்கர்’ (சுருக்கமாக பி.இ.எஸ்.) என்றும் விற்கப்பட்ட தொடரின் பெயரை 2021 ஜூலையில் கொனாமி முற்றிலுமாகக் கைவிட்டு, இனி ‘ஈஃபுட்பால்’ என்ற ஒரே பெயர்தான் என்று அறிவித்தது. பெயரோடு விற்பனை முறையும் மாறியது. ஆண்டுக்கு ஒருமுறை முழு விலைக்கு வட்டு வாங்கும் பழக்கம் போய், கேமை இலவசமாக இறக்கிக்கொண்டு, வேண்டிய கூடுதல் அம்சங்களுக்கு மட்டும் பணம் கட்டும் முறை வந்தது.

இதற்கு முந்தைய பதிப்பான பி.இ.எஸ். 2021-உம் முழுமையான புதுப் பதிப்பு அல்ல. 2020 செப்டம்பரில் ‘சீசன் அப்டேட்’ என்ற பெயரில், வீரர் பட்டியலையும் சீருடைகளையும் புதுப்பித்துக் குறைந்த விலைக்கு அதை வெளியிட்டார்கள். அடுத்த தலைமுறைக் கன்சோல்களுக்கான ஆட்டத்தில் முழு உழைப்பையும் செலுத்துவதற்காகவே இந்த ஏற்பாடு என்று விளக்கமும் தந்தார்கள். இந்த விளக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த கோபத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

“இது பி.எஸ். 5-க்குன்னே தனியா செஞ்சதா, இல்ல பழைய கன்சோல்லயும் ஓடுமா?”

தனியாகச் செய்ததல்ல. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் ஆகிய புதியவற்றோடு பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன், கணினி ஆகியவற்றுக்கும் 2021 செப்டம்பர் 30 அன்று ஒரே நாளில் வெளியானது. கைப்பேசிப் பதிப்பு மட்டும் 2022 ஜூனில் வந்தது. வெவ்வேறு கருவிகளில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் மோத வேண்டும் என்பது தொடக்கத்திலிருந்தே திட்டமாக இருந்தது.

விமர்சகர்கள் இதைத்தான் முதலில் கவனித்தார்கள். புதிய கன்சோலுக்கு ஒரு கேம் வருகிறது என்றால் அந்தக் கருவியின் முழு வலிமையையும் பயன்படுத்தியிருக்கும் என்று வாங்கியவர் எதிர்பார்ப்பார். நம் நாட்டில் பிளேஸ்டேஷன் 5 விற்பனைக்கு வந்ததே 2021 பிப்ரவரியில்தான். அப்போதைய விலை 49,990 ரூபாய். அவ்வளவு கொடுத்து வாங்கிய பெட்டியில், கைப்பேசியையும் மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட ஆட்டம் ஓடுகிறது என்ற உணர்வே பல விமர்சனங்களின் அடிநாதமாக இருந்தது.

“வெளியான அன்னைக்கு அப்படி என்னதான் நடந்துச்சு? எல்லாரும் சிரிச்சாங்களாமே?”

சிரித்தார்கள் என்பது உண்மைதான். கேம் இறங்கிய சில மணி நேரத்திலேயே அதன் படங்கள் சமூக ஊடகங்களில் பரவத் தொடங்கிவிட்டன. மெஸ்ஸியின் முகம் மெஸ்ஸியை நினைவுபடுத்தவில்லை. ரொனால்டோவின் முகம் உறைந்துபோய், யாரோ மெழுகில் வார்த்து அவசரமாகக் கண்களை ஒட்டியதுபோல் விழித்தது. கேமரா பார்வையாளர் பக்கம் திரும்பியபோது, கூட்டத்தில் இருந்தவர்கள் இரண்டு தலைமுறைக்கு முந்தைய கன்சோலிலிருந்து எழுந்து வந்தவர்கள்போல் தட்டையாகத் தெரிந்தார்கள். ஓடும் வீரர்கள் ஒருவருக்குள் ஒருவர் புகுந்து வெளியே வந்தார்கள். கைகள் எலும்பில்லாதவைபோல் வளைந்தன. மெஸ்ஸியும் நெய்மாரும் விளம்பர முகங்களாக இருந்த ஒரு கேமில் முகமே நகைப்புக்கு ஆளானதுதான் இதில் கொடுமை.

கணினி விளையாட்டுக் கடையான ஸ்டீமில், அன்றைய பயனர் மதிப்பீடுகள் ‘மிகப் பெரும்பாலும் எதிர்மறை’ என்ற கடைசிப் படிக்கு இறங்கின. குறைந்தது 500 பேர் எழுதி, அவர்களில் 20 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே பாராட்டியிருந்தால் மட்டுமே ஸ்டீம் அந்தச் சொல்லைப் பயன்படுத்தும். ஒரு நாளுக்குள் அந்தக் கடையின் மிக மோசமான மதிப்பீடு பெற்ற விளையாட்டு என்ற பெயர் இதற்கு வந்து சேர்ந்தது.

“முகம் சரியில்லைங்கறதுக்காகவா இவ்வளவு குறைச்சலா மார்க் போட்டாங்க?”

இல்லை. முகம் சிரிப்புக்குக் காரணம். மதிப்பெண்ணுக்குக் காரணம் ஆட்டம். பி.இ.எஸ். ரசிகர் முகத்தையும் பெயரையும் எப்போதுமே மன்னித்து வந்தவர். உரிமம் இல்லாததால் மான்செஸ்டர் யுனைடெட் ‘மேன் ரெட்’ என்றும் லிவர்பூல் ‘மெர்சிசைடு ரெட்’ என்றும் வந்த நாட்களிலும் அந்தத் தொடரை விட்டுப் போகாதவர். அவருக்கு வேண்டியதெல்லாம் பந்து காலில் ஒட்டாமல் தனக்கென்று ஓர் எடையோடு உருள்வதும், பாஸ் கொடுத்த கணத்தில் அது எங்கே போகும் என்பது விரலுக்குத் தெரிவதும்தான்.

2022-இல் தவறியது அந்த இடம்தான். பாஸ் மெதுவாகப் போகிறது என்ற புகார் ஏறத்தாழ எல்லா விமர்சனங்களிலும் இருந்தது. தற்காப்பில் எதிரியை நெருக்குவதற்கான கட்டளைகள் போதவில்லை; பந்தைத் துரத்த வேண்டிய சக வீரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். வீரர் திரும்பும்போது கால் ஒரு திசையிலும் உடல் வேறு திசையிலும் போய், பனிக்கட்டியில் சறுக்குவதுபோன்ற தோற்றம் வந்தது. பந்தை வைத்திருப்பவரும் தடுப்பவரும் நேருக்கு நேர் மோதும் போட்டியே ஆட்டத்தின் உயிர் என்று கொனாமி அறிவித்திருந்தது. இனியெஸ்டா, பிக்கே போன்ற வீரர்களிடம் ஆலோசனை கேட்டதாகவும் சொல்லியிருந்தது. அதே மோதலில்தான் அசைவு கைகொடுக்காமல் போனது.

உள்ளடக்கமும் மெலிந்திருந்தது. உள்ளூர் ஆட்டத்துக்குக் கிடைத்த கிளப்கள் பார்சிலோனா, பயர்ன் மியூனிக், யுவென்டஸ், மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல், கொரிந்தியன்ஸ், ஃபிளமெங்கோ, சாவோ பாவ்லோ, ரிவர் பிளேட் என்று ஒன்பதுதான். அதற்கு மேல் புரட்ட ஒரு பக்கமும் இல்லை.

“இன்ஜினை மாத்தினதுதான் காரணம்னு ஃப்ரெண்ட் சொல்றான். அது சரியா?”

பாதி சரி. 2013-இல் வந்த பி.இ.எஸ். 2014 முதல் பி.இ.எஸ். 2021 வரை இந்தத் தொடர் ஓடியது ‘ஃபாக்ஸ் இன்ஜின்’ என்ற மென்பொருள் அடித்தளத்தில். கொனாமிக்குள்ளேயே, கேம் வடிவமைப்பாளர் ஹிடேயோ கொஜிமாவின் குழுவில் பிறந்தது அது. எட்டு ஆண்டுக்காலம் ஒரே அடித்தளத்தில் உழைத்தவர்கள், அதில் பந்தின் சுழற்சியையும் வீரரின் எடையையும் இழைத்து இழைத்துச் சரிசெய்திருந்தார்கள். ஈஃபுட்பாலுக்காக அதை விட்டுவிட்டு, வெளி நிறுவனத்தின் அன்ரியல் இன்ஜின் 4-க்கு மாறி, அதைத் தங்கள் தேவைக்கேற்ப மாற்றியமைத்தார்கள். வீடு மாறும்போது பாத்திரம் பண்டங்களை எடுத்துப் போகலாம். இருபது ஆண்டு புழங்கிய சமையலறையின் கைப்பழக்கத்தை எடுத்துப்போக முடியாது.

இதோடு ‘மோஷன் மேட்சிங்’ என்ற அசைவு முறையையும் கொண்டுவந்தார்கள். பழைய முறையில், “இந்தப் பொத்தானை அழுத்தினால் இந்த அசைவு” என்று முன்கூட்டியே கோத்து வைத்திருப்பார்கள். புதிய முறையில், பதிவுசெய்யப்பட்ட ஏராளமான அசைவுத் துண்டுகளிலிருந்து, வீரர் இருக்கும் நிலைக்கும் அடுத்து போக வேண்டிய திசைக்கும் மிகவும் பொருந்தும் துண்டைக் கணத்துக்குக் கணம் கணினியே தேர்ந்தெடுக்கும். முன்பைவிட நான்கு மடங்கு அசைவுகள் இருப்பதாகக் கொனாமி சொன்னது. ஆனால் அந்தத் தேர்வு சரியாக வாய்க்க வேண்டும். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் பிசிறு தட்டினால் அதுதான் சறுக்கலாகவும் முறுக்கலாகவும் கண்ணில் படும்.

பாதி சரி என்றது ஏனென்றால், அடித்தளம் மாறும்போது தடுமாறுவது எல்லோருக்கும் நேர்வது. தடுமாறிக்கொண்டிருக்கும்போதே கடையைத் திறந்தது கொனாமி எடுத்த முடிவு. வெளியான பதிப்பின் எண்ணே 0.9.0. ஒன்று என்ற எண்ணைக்கூட எட்டாத நிலையில் தந்தார்கள் என்பதை அவர்களே எழுதி ஒட்டியிருந்தார்கள்.

“வெளியீட்டுக்கு முன்னாடி யாருக்குமே தெரியாதா? டெமோ எதுவும் விடலையா?”

விட்டார்கள். 2021 ஜூன் இறுதியில், பெயர்கூடச் சொல்லாமல், ‘புதிய கால்பந்து விளையாட்டின் இணையச் செயல்திறன் சோதனை’ என்ற பொருள்படும் தலைப்போடு இரண்டு வாரத்துக்கு ஒரு சோதனைப் பதிப்பு பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் கிடைத்தது. நான்கு கிளப்கள் மட்டும் இருந்தன. அப்போதே அசைவு குறித்து முணுமுணுப்பு எழுந்தது. சர்வரைச் சோதிக்கத்தான் இது, படமும் ஆட்டமும் இன்னும் வளர்ச்சியில் இருக்கின்றன என்று கொனாமி பதில் சொன்னது. ரசிகர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்து வந்தது அந்தச் சோதனைப் பதிப்பிலிருந்து அதிகம் நகரவில்லை என்றபோதுதான் பொறுமை போயிற்று.

“ஸ்டீம்ல திட்டினது கம்ப்யூட்டர்காரங்க. கன்சோல்ல ஆடுறவனுக்கு அதனால என்ன?”

நியாயமான கேள்வி. ஸ்டீம் மதிப்பீடு கணினிப் பதிப்பைப் பற்றியதுதான். ஆனால் மேலே நான்காம் கேள்வியில் சொன்ன குறைகள் கணினிக்கு மட்டும் உரியவை அல்ல. பாஸின் வேகமும் தற்காப்புக் கட்டளைகளும் கிளப்களின் எண்ணிக்கையும் எல்லாக் கருவிகளிலும் ஒன்றே. கன்சோலில் ஆடிய விமர்சகர்களும் இவற்றையே எழுதினார்கள்.

ஆனாலும் செய்திகளில் முன்னே நின்றது ஸ்டீம்தான். அங்கே வாங்கியவர் எழுதும் மதிப்பீடு கடைப்பக்கத்திலேயே விழுக்காட்டோடு தெரியும், நிமிடத்துக்கு நிமிடம் மாறும். எனவே கணினியில் எழுந்த சத்தத்தைக் கேட்டு, கன்சோலில் நன்றாக இருந்திருக்கும் என்று ஊகிப்பதும் தவறு. கன்சோல் விமர்சனத்தை அந்த விழுக்காட்டை வைத்தே அளப்பதும் தவறு.

“மெட்டாகிரிட்டிக்ல நூத்துக்கு 25-ன்னு பார்த்தேன். அது எந்தப் பதிப்புக்கு?”

கணினிப் பதிப்புக்கு. 2021-இல் வந்தவற்றில் மிக மோசமான கேம்கள் என்று, பல இதழ்களின் விமர்சனங்களைத் திரட்டிச் சராசரி மதிப்பெண் காட்டும் மெட்டாகிரிட்டிக் தளம் தொகுத்த பட்டியலில் முதலிடத்தில் நின்றது அந்த 25 தான். பலரும் இதையே “ஈஃபுட்பாலின் மதிப்பெண்” என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள்.

மெட்டாகிரிட்டிக் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாகச் சராசரி போடும். அந்தக் கருவியில் ஆடி எழுதிய விமர்சனங்கள் குறைந்தது நான்கு சேர்ந்தால்தான் எண்ணே தெரியும். அதுவும் நேர்ச் சராசரி அல்ல. சில இதழ்களின் எழுத்துக்குக் கூடுதல் எடை கொடுத்துக் கணக்கிடுவார்கள். 75-உம் அதற்கு மேலும் பச்சை, 50 முதல் 74 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. ஆக, பிளேஸ்டேஷன் 5-க்கான விமர்சனம் வேண்டும் என்றால் பக்கத்தின் மேலே எந்தக் கருவி தேர்ந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அவசரத்தில் நானே இரண்டு முறை வேறு கருவியின் எண்ணைப் படித்துவிட்டு வாதாடியிருக்கிறேன்.

வாசகர் மதிப்பெண் தனியாக ஓரத்தில் இருக்கும். அது வேறு கதை. அடுத்த கேள்விக்கு அடுத்ததில் வருகிறது.

“சும்மா கிடைக்கிற கேமை இப்படியா திட்டறது? காசா குடுத்தாங்க?”

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் இந்தத் தொடரை முன்பு ஆடாதவர்கள். விலை இல்லை என்பதை விமர்சகர்களும் குறிப்பிடாமல் விடவில்லை. ஆனால் அவர்கள் அளந்தது ரூபாயை மட்டுமல்ல. முதல் பதிலில் சொன்னபடி, அடுத்த தலைமுறைக்காகத்தான் ஓராண்டை விட்டுக்கொடுக்கிறோம் என்று சொல்லி ரசிகர்களைக் காக்க வைத்தார்கள். பழைய பெயரையும் எடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு பி.இ.எஸ். 2022 என்று காசு கொடுத்து வாங்க வேறொன்றும் இல்லை. இலவசம் என்பது கூடுதலாக ஒன்றைத் தரும்போது சலுகை. இருந்ததை எடுத்துவிட்டுத் தரும்போது அதற்கு அந்த மதிப்பு இல்லை என்பது என் கருத்து.

காசும் அறவே இல்லாமல் போகவில்லை. நவம்பரில் வரவிருந்த முழுப் பதிப்புக்கென்று ஒரு கட்டணத் தொகுப்பை முன்பதிவுக்கு வைத்திருந்தார்கள். முழுப் பதிப்பு தள்ளிப்போனபோது அதை ரத்துசெய்து, பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தார்கள்.

“கூட்டமா சேர்ந்து வேணும்னே மார்க்கைக் குறைச்சிருப்பாங்களோ?”

ஓரளவு அந்த வேகம் இருந்திருக்கலாம். படங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஐந்து நிமிடம் ஆடி, ஒரு வரி எழுதிவிட்டுப் போனவர்களும் இருந்திருப்பார்கள். இலவச விளையாட்டில் அதற்குத் தடையும் இல்லை. இப்படிப்பட்ட அலையைத் தணிக்கத்தான் மெட்டாகிரிட்டிக் 2020 ஜூலையிலிருந்தே, ஒரு கேம் வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் வாசகர் மதிப்பெண்ணை ஏற்பது என்று விதியை மாற்றியிருந்தது.

ஆனால் கூட்டுச் சதி என்று தள்ளிவிட ஒரு தடை இருக்கிறது. அரசியலோ கதைமாந்தரோ காரணமாக மதிப்பெண்ணைக் கீழே தள்ளும் நிகழ்வுகளில் விமர்சகர் ஒரு பக்கமும் வாசகர் மறு பக்கமும் நிற்பார்கள். இங்கே இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள். போதாததற்கு, தயாரித்தவர்களே அந்தக் குறைகளை ஒப்புக்கொண்டார்கள்.

“கொனாமி மன்னிப்பு கேட்டுச்சா? அப்புறம் என்னதான் சரி பண்ணாங்க?”

மறுநாளே கேட்டது. 2021 அக்டோபர் 1 அன்று வெளியிட்ட அறிக்கையில், பாஸின் வேகம், தற்காப்புச் செயல்பாடு, இடைக்காட்சிகள், முகபாவம், வீரர்களின் அசைவு, பந்தின் போக்கு என்று புகார்களை வகை பிரித்தே குறிப்பிட்டு வருத்தம் தெரிவித்தது. விமர்சகர்கள் எழுதிய பட்டியலும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள்.

அக்டோபர் இறுதியில் வருவதாகச் சொன்ன 0.9.1 திருத்தம் நவம்பர் 5-க்குத் தள்ளிப்போனது. நவம்பரில் வரவேண்டிய 1.0 பதிப்போ 2022 ஏப்ரல் 14 அன்றுதான் வந்தது. அதில் சக வீரர்களையும் சேர்த்து எதிரியை நெருக்கச் சொல்லும் கட்டளை, தோளால் மோதிப் பந்தைப் பறிக்கும் வசதி, ஓங்கி அடிக்கும் ஷாட்டுக்கும் பாஸுக்கும் தனிக் கட்டளை ஆகியவை சேர்ந்தன. ஆட்டம் தெளிவாகவே மேம்பட்டது. ஆனால் முதல் நாளில் வந்து எழுதியவர்களில் எத்தனை பேர் ஆறரை மாதம் கழித்துத் திரும்பி வந்து எழுதுவார்கள்? திருத்தத்துக்குக் கிடைத்த கவனம் தவறுக்குக் கிடைத்ததில் ஒரு சிறு பங்குதான்.

“அதே வாரம் வந்த ஃபிஃபா 22 மட்டும் அவ்வளவு ஒழுங்கா?”

ஒப்பிட்டால் ஒழுங்குதான், அதில் ஐயமில்லை. ஈஃபுட்பாலுக்குப் போட்டியாக ஈஏ நிறுவனம் செய்த கால்பந்து கேம் அது; ஈஃபுட்பாலுக்கு மறுநாள், அக்டோபர் 1 அன்று வெளியானது. பதினொருவருக்குப் பதினொருவர் என்று முழு ஆட்டத்தையே, இருபத்திரண்டு பேருக்கும் உணரி பொருத்திய உடை அணிவித்துப் பதிவுசெய்து, அதிலிருந்து ‘ஹைப்பர்மோஷன்’ என்ற அசைவு முறையை உருவாக்கியிருந்தார்கள். பிளேஸ்டேஷன் 5-இலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸிலும் அது இருந்தது. பிளேஸ்டேஷன் 4-இலும் கணினியிலும் இல்லை. புதிய கன்சோல் வாங்கியவருக்குப் புதிதாக ஏதோ கிடைத்தது என்று விமர்சகர்கள் எழுத அது போதுமாக இருந்தது. நம்மவர்களுக்கு இன்னொரு மகிழ்ச்சியும் உண்டு. இந்தியன் சூப்பர் லீக் முதன்முறையாக அந்தப் பதிப்பில்தான் சேர்ந்தது, சென்னையின் எஃப்.சி.யை எடுத்து ஆட முடிந்தது.

குறை இல்லாமலா? உள்ளே எந்த வீரர் இருப்பார் என்று தெரியாத அட்டைப் பொதிகளைக் காசு கொடுத்துத் திறக்கும் ‘அல்டிமேட் டீம்’ முறை சூதாட்டத்தை ஒத்தது என்ற கண்டனம் ஆண்டுதோறும் எழுவது, அந்த ஆண்டும் எழுந்தது. பெல்ஜியம் 2018-இலேயே இத்தகைய பொதிகளைச் சட்டவிரோதம் என்று அறிவித்ததால், அவற்றை வாங்குவதற்கான கேம் நாணயத்தின் விற்பனையை 2019 தொடக்கத்தில் அங்கே நிறுத்த வேண்டியதாயிற்று. சாதாரணப் பதிப்பைப் பிளேஸ்டேஷன் 4-க்கு வாங்கியவருக்குப் பிளேஸ்டேஷன் 5 பதிப்பு சேர்ந்து கிடைக்காது என்பதும் புகாராக எழுந்தது. ஆனால் அந்த வாரத்தில் இவை யார் காதிலும் விழவில்லை. பக்கத்து வீட்டில் கூரை பறந்துகொண்டிருக்கும்போது நம் வீட்டு ஓட்டையை யார் பார்ப்பார்கள்?

“புதுக் கன்சோல் வரும்போதெல்லாம் கொனாமி சறுக்கும்னு சொல்றாங்களே, நிஜமா?”

முன்னுதாரணம் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 3 புதிதாக இருந்த காலத்தில் வந்த பி.இ.எஸ். 2008, அந்தக் கன்சோலில் திக்கித் திக்கி ஓடுவதாக விமர்சிக்கப்பட்டது. எக்ஸ்பாக்ஸ் 360-இல் அதே கேம் அதைவிடச் சீராக ஓடியது. வேடிக்கை என்னவென்றால், வலிமையில் இவ்விரண்டுக்கும் கீழான நின்டெண்டோ வீ கன்சோலுக்கு அவர்கள் செய்த பதிப்புதான், திரையில் சுட்டிக்காட்டி வீரர்களை நகர்த்தும் புது முறைக்காகப் பாராட்டு வாங்கியது. பிளேஸ்டேஷன் 4 வந்த 2013-இல் பி.இ.எஸ். 2014 அந்தக் கன்சோலுக்கு வரவே இல்லை. ஓராண்டு கழித்து வந்த பி.இ.எஸ். 2015 நல்ல பெயரை மீட்டது.

ஆனால் இது கொனாமிக்கு மட்டும் உரிய நோய் அல்ல. 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360-ஓடு வந்த ஃபிஃபா, உலகக் கோப்பைக்கான பாதையை மட்டும் மையமாக வைத்த, பழைய கன்சோல் பதிப்பைவிடச் சுருங்கிய ஒன்றாக இருந்தது. அதற்கும் விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள்.

“முடிக்காத கேமுக்கு மார்க் போடறதே தப்பு இல்லையா?”

இதற்கு என்னால் ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. விமர்சகர் பக்கம் பார்த்தால், வெளியீடு என்று அறிவித்துவிட்டு, பெயரில் 2022 என்று ஆண்டையும் போட்டு, எல்லாக் கடைகளிலும் வைத்த ஒன்றை மதிப்பிடாமல் விடுவதற்குக் காரணம் இல்லை. ‘டெமோ’ என்றோ ‘முன்னோட்டம்’ என்றோ கடைப்பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அதே சறுக்கலை அவர்கள் வேறு விதமாக எழுதியிருப்பார்கள், 0.9.0 என்ற எண் சிறிய எழுத்தில் ஒரு மூலையில் இருந்தால் போதாது.

மறுபக்கம், இப்போதைய இணைய விளையாட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொன்றாக மாறிவிடுகிறது. ஈஃபுட்பால் 2023, 2024 என்று பெயர் மாறிய பிறகும் இறங்கியது அதே கேமின் அப்டேட்தான். 2024-இல் உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபா அமைப்பே தன் மின்-விளையாட்டு உலகக் கோப்பையை இந்த ஆட்டத்தில் நடத்தக் கொனாமியோடு கைகோத்தது. பல பத்தாண்டு உறவை ஈஏ நிறுவனத்தோடு முடித்துக்கொண்ட அதே ஃபிஃபா. ஆக, 2021 அக்டோபரில் எழுதிய விமர்சனம் பொய்யல்ல. ஆனால் இன்று நீங்கள் இறக்கும் கேமைப் பற்றி அது பேசவில்லை. இன்றைய நிலை தெரிய வேண்டும் என்றால் பதிப்பு எண்ணையும் தேதியையும் பார்த்து அண்மைக்கால மதிப்பீடுகளைப் படியுங்கள். இலவசம் என்பதால் இறக்கிப் பத்து ஆட்டம் ஆடிப் பார்ப்பது அதைவிடச் சுலபம்.

“எல்லாம் சரி அண்ணா, மாஸ்டர் லீக் எப்போ வரும்?”

ஒரு கிளப்பை எடுத்து, வீரர்களை வாங்கி விற்று, பருவம் பருவமாகத் தனியே ஆடும் அந்தப் பகுதிதான் இந்தத் தொடரின் பழைய ரசிகர்களுக்கு உயிர். பின்னால் கட்டணத்துக்குத் தருவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். 2022-இல் வரவில்லை. 2023, 2024 என்ற பெயர்களில் வந்த பதிப்புகளிலும் வரவில்லை. விமர்சகர்களின் பட்டியலில் பலவும் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்ட பிறகும் அடித்துவிடப்படாமல் நின்றது இதுதான்.

அவசரமாக ஆடியே ஆகவேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. வட்டு போடும் துளை உள்ள பிளேஸ்டேஷன் 5-ஆக இருந்தால், பழைய பிளேஸ்டேஷன் 4-க்கான பி.இ.எஸ். 2021 வட்டு அதில் ஓடும். செகண்ட் ஹேண்ட் கடையில் உறை கிழிந்ததாக இருந்தாலும் பரவாயில்லை, வட்டின் அடியில் கீறல் இருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து வாங்குங்கள்.